ரோபோ பாட்டுக்கு நீளமுடி முளைத்த கதை

1996-ல் ஜப்பானில் ஒரு புதுக் குழு கிளம்பியது. பெயர் அனிமெட்டல். அனிமே + மெட்டல் = அனிமெட்டல். குழுவின் மொத்தக் கொள்கையும் பெயரிலேயே முடிந்துவிட்டது. பத்து வயசுப் பையன்கள் டிவி முன்னால் உட்கார்ந்து கத்திப் பாடிய பழைய கார்ட்டூன் பாட்டுகளை எடுப்பார்கள். அதை இரட்டைப் பெடல் டிரம், கிழிக்கும் கிடார், அடிவயிற்றில் இருந்து வரும் அலறல் என்று முழு ஹெவி மெட்டலாக மாற்றி வாசிப்பார்கள். சொந்தப் பாட்டு போடும் உத்தேசமே இல்லை. வேலையே இதுதான்.

கேட்டால் சிரிப்பு வருகிறது அல்லவா? வரத்தான் வேண்டும். ஆனால் இந்த நக்கலுக்குப் பின்னால் முப்பது நாற்பது வருஷ வரலாறு இருக்கிறது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள், கடைசியில் யார் யாரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் ஒரு நல்ல சினிமாக் கதையே தேறும்.

முதலில் பழைய கணக்கு.

ஜப்பானில் கார்ட்டூன் பாடல்களுக்கு 'அனிசோங்' என்று செல்லப் பெயர் உண்டு. 1963 ஜனவரி 1-ம் தேதி தெட்சுவான் அடோம் (நமக்கு ஆஸ்ட்ரோ பாய்) தொடர் ஆரம்பித்தது. அதன் முகப்புப் பாட்டை எழுதியவர் சாதாரண ஆள் இல்லை. ஷுண்டாரோ தனிகாவா. ஜப்பானின் பெரிய நவீனக் கவிஞர்களில் ஒருவர், 2024-ல்தான் காலமானார். பாடியது சிறுவர்கள் கோரஸ். அதாவது, குழந்தைகளுக்காகக் குழந்தைகளே பாடும் பாட்டு.

எழுபதுகளில் ரோபோக்கள் வந்தன. 1972 டிசம்பரில் மசிங்கர் இசட். ஒரு பையன் ராட்சத ரோபோவின் தலைக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற கதை. பாடியவர் ஐச்சிரோ மிஸுகி, இசை சூமெய் வாதனாபே. இந்த வகைப் பாட்டுக்கு ஓர் இலக்கணமே உண்டு. நாயகனின் பெயர் வர வேண்டும், அதுவும் பல தடவை. அவனுடைய ஆயுதங்களின் பெயர் வர வேண்டும். எதிரி கெட்டவன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நடுவில் எங்கேயாவது உரக்கக் கத்த வேண்டும். மொத்தத்தில் ஒரு நிமிஷம் முப்பது செகண்டுக்குள் முடிந்துவிட வேண்டும். விளம்பரப் பாட்டு மாதிரிதான், விற்கிற பொருள் மட்டும் ரோபோ. (பொம்மைக் கம்பெனிகள் ரோபோவையும் விற்றன என்பது வேறு விஷயம்.)

எண்பதுகளில் காற்று மாறியது. பெரிய ரெக்கார்ட் கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. வாரா வாரம் லட்சக்கணக்கான வீடுகளில் ஒன்றரை நிமிஷம் ஒரு பாட்டு ஒலிக்கிறது. அந்த இடத்தில் நம்ம பாப் பாடகரை வைத்தால் என்ன? 1983-ல் அன்ரி பாடிய கேட்ஸ் ஐ பாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. 1987-ல் டிஎம் நெட்வொர்க் குழு சிட்டி ஹண்டருக்கு கெட் வைல்டு கொடுத்தது. 1990-ல் சிபி மருகோ-சான் தொடரின் பாட்டு ஜப்பான் ரெக்கார்ட் விருதையே வாங்கிவிட்டது. கடைசியில் 1996-ல் ருரோனி கென்ஷின் என்கிற சாமுராய்க் கதைக்கு ஜூடி அண்ட் மேரி குழு பாடிய முகப்புப் பாட்டின் பெயர் என்ன தெரியுமா? 'முகப்புள்ளிகள்'. வாள் இல்லை, சாமுராய் இல்லை, கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பெண்ணின் காதல் தோல்விப் புலம்பல். அதுவும் நம்பர் ஒன்.

ஆக, நாயகன் பெயரைக் கத்துகிற பாட்டு மெல்ல ஓரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதைப் பாடி வளர்ந்த பையன்களோ முப்பது வயசைத் தொட்டு, கையில் சம்பளம் வைத்திருந்தார்கள். அனிமெட்டல் பிறந்தது சரியாக அந்த நேரத்தில்.

குழுவில் இருந்தவர்கள் காமெடி நடிகர்கள் இல்லை. பாடகர் எய்ஸோ சகாமோதோ எண்பதுகளில் ஆந்தம் என்கிற மரியாதையான மெட்டல் குழுவில் பாடியவர். கிடார் ஷீஜா, கார்காயில் குழுவில் இருந்தவர். பேஸ் மசாகி. மூவருமே அந்தத் துறையில் பெயர் எடுத்தவர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. தெரியாதவன் கோமாளித்தனம் பண்ணினால் இரண்டு நிமிஷம் சிரிக்கலாம். தெரிந்தவன் முகத்தைச் சுளிக்காமல், ஒரு ஸ்வரம் தவறாமல், உயிரைக் கொடுத்து ஒரு குழந்தைப் பாட்டை வாசித்தால் அது வேறு ரகம். நாகேஷ் சிரிக்காமல்தானே நம்மைச் சிரிக்க வைத்தார்?

1997-ல் வந்த அனிமெட்டல் மாரத்தான் ஆல்பம்தான் இவர்கள் வேலையின் உச்சம். ஒன்றரை நிமிஷப் பாட்டுகளாக டஜன் கணக்கில் எடுத்து, இடைவெளியே விடாமல் ஒன்றோடு ஒன்று கோர்த்துவிட்டார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த ரோபோ வந்து நிற்கும். இதற்கு நடுவில் இன்னொரு குறும்பு. புகழ்பெற்ற மேல்நாட்டு மெட்டல் பாடல்களின் கிடார் துணுக்குகளை ஆரம்பத்திலும் இடையிலும் செருகி வைத்தார்கள். கார்ட்டூன் தெரிந்தவனுக்கு ஒரு சிரிப்பு, மெட்டல் தெரிந்தவனுக்கு ஒரு சிரிப்பு, இரண்டும் தெரிந்தவன் பாக்கியசாலி. :-)

இது ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது? 'முரண்பாடுதான் காமெடி' என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் முரண்பாடு மட்டும் என்றால் எந்தப் பாட்டை எந்த ஸ்டைலில் போட்டாலும் நன்றாக இருக்க வேண்டுமே? இருப்பதில்லையே.

பதில் வாதனாபேயின் ஸ்வரங்களில் இருக்கிறது. ஜப்பானியப் பள்ளிப் பாடல்களும் பழைய குழந்தைப் பாடல்களும் அதிகம் நடமாடுவது நாலாவது, ஏழாவது ஸ்வரங்கள் இல்லாத ஐந்து ஸ்வர வரிசையில். ச ரி க ப த. நம்ம ஊர்க் காதுக்கு அது அப்பட்டமான மோகனம். வாதனாபே தன் ரோபோ பாட்டுகளில் விரும்பிக் கையாண்டது அதுவல்ல. இரண்டாவதும் ஆறாவதும் இல்லாத மைனர் பென்டடானிக். ச க ம ப நி, அதாவது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். உலகத்தில் எந்த மூலையில் ஒரு பையன் எலெக்ட்ரிக் கிடார் வாங்கினாலும் முதலில் பழகும் ஸ்கேல் எது? இதே மைனர் பென்டடானிக்! ப்ளூஸ், ராக், மெட்டல் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அது. டிரம்பெட்டும் அணிவகுப்புத் தாளமுமாக இருந்த அந்தப் பாட்டுகளுக்குள் ஏற்கெனவே ஒரு ராக் பாட்டு ஒளிந்துகொண்டிருந்தது. அனிமெட்டல் சட்டையை மட்டும் மாற்றியது, உடம்பு அதே உடம்பு.

உள்ளடக்கமும் அப்படித்தான். இரும்பு, நெருப்பு, மின்னல், நீதி, சாவு, தனிமையான வீரன். ரோபோ கார்ட்டூன் பாட்டின் சொற்களும் மெட்டல் பாட்டின் சொற்களும் கிட்டத்தட்ட ஒரே அகராதி. இரண்டிலும் அளவுக்கு மீறிய சீரியஸ்தனம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மெட்டலும் கொஞ்சம் கார்ட்டூன்தான் என்பது தெரிகிறது. சகாமோதோ கூட்டம் உண்மையில் கேலி செய்தது தங்களைத்தானோ என்றுகூடத் தோன்றும்.

ஒரு சங்கடம் மட்டும். செயின்ட் செய்யா தொடருக்கு 1986-ல் மேக்-அப் என்ற குழு பாடிய பெகாசஸ் பேண்டசி போன்ற பாட்டுகள் பிறக்கும்போதே ஹார்ட் ராக். அதை மெட்டலாக்கினால் என்ன வித்தியாசம்? வேகம் கூடும், அவ்வளவுதான். சிரிப்பு வராது. நல்ல பாட்டாக இருக்கும், நல்ல நக்கலாக இருக்காது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இன்னொரு கோணம். ஒரு பாட்டு என்பது சட்டப்படி ஒரு சொத்து இல்லை, இரண்டு சொத்து. இசையும் வரிகளும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. மசிங்கர் இசட்டின் அசல் ஒலிப்பதிவு நிப்பான் கொலம்பியா கம்பெனியுடையது. இன்னொரு கம்பெனி அதைத் தொட முடியாது. ஆனால் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சேர வேண்டிய ராயல்டியைக் கட்டி, முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, புதிதாகப் பதிவு செய்தால் அந்தப் பதிவு சொந்தச் சொத்து. அனிமெட்டலை வெளியிட்ட சோனி செய்தது இதைத்தான். பழைய கிட்டங்கியின் சாவி இல்லாமலேயே உள்ளே இருந்த சரக்கை விற்ற மாதிரி. கவர் பாடல் வியாபாரத்தில் இசையமைப்பாளருக்கு லாபம், புதுப் பாடகருக்கு லாபம், கம்பெனிக்கு லாபம். முதன்முதலில் தொண்டை கிழியப் பாடிய அந்தப் பழைய பாடகருக்கு? அதில் பங்கு கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு கிளை முளைத்தது. பையன்கள் பாட்டு சரி, மந்திரக்கோல் பிடித்த சிறுமிகளின் பாட்டுகள்? அதற்கு அனிமெட்டல் லேடி. பாடியவர் மீ. பிங்க் லேடி ஜோடியில் ஒருவர்! 1976-ல் அறிமுகமாகி, எழுபதுகளின் பிற்பாதியில் ஜப்பானையே ஆட வைத்த ஜோடி அது. 1980-ல் அமெரிக்க என்பிசி டிவியில் சொந்த நிகழ்ச்சி வரைக்கும் போய், 1981-ல் பிரிந்தார்கள். தெருவுக்குத் தெரு குழந்தைகள் தன் நடன அசைவுகளைக் காப்பியடித்த காலத்தைப் பார்த்த ஒரு பெண், இருபது வருஷம் கழித்து மெட்டல் உடையில் நின்று அதே தலைமுறைக் குழந்தைகளின் கார்ட்டூன் பாட்டை அலறுகிறார். இதில் நக்கல் எங்கே முடிகிறது, ஏக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போடுவது கஷ்டம்.

இப்போது ககேயாமா கதை. இதைச் சொல்லாமல் அனிமெட்டல் கதை முழுசாகாது.

எழுபதுகளின் பிற்பகுதியில் லேஸி என்று ஒரு குழு. டீப் பர்பிள் குழுவின் பாட்டுப் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்ட ஹார்ட் ராக் பைத்தியங்கள். கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பளபள உடுப்பு மாட்டி, மிஷெல், சூஸி என்று செல்லப் பெயர் சூட்டி, பள்ளி மாணவிகள் கிறங்கும் ஐடல் குழுவாக மாற்றிவிட்டார்கள். பாவம். 1981-ல் குழு கலைந்தது. கிடார் வாசித்த அகிரா தகாசாகியும் டிரம் வாசித்த முனேதகா ஹிகுச்சியும் அதே வருஷம் லவுட்னெஸ் ஆரம்பித்தார்கள். அது அமெரிக்கா வரை போன ஜப்பானிய மெட்டல் குழு. பாடகர் ஹிரோனோபு ககேயாமா? தனியாகப் பாடிப் பார்த்தார், பெரிதாக ஓடவில்லை. 1985-ல் சேஞ்ச்மேன் என்ற சிறுவர் சாகசத் தொடருக்குப் பாட அழைப்பு வந்தது. பாடினார். தட்டில் ககேயாமா என்ற முழுப் பெயர் இல்லை, 'ககே' என்று மட்டும் போட்டார்கள்.

அந்தப் பாதிப் பெயரை கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ராக் பாடகன் சிறுவர் பாட்டுப் பாடுவது அன்றைக்கு எவ்வளவு கௌரவமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நாலு வருஷம் கழித்து 1989-ல் டிராகன் பால் இசட்டுக்கு சா-லா ஹெட் சா-லா பாடினார். அது உலகம் முழுக்க ஓடியது. அப்போது முழுப் பெயரும் இருந்தது.

ஆக, ஒரே குழுவில் இருந்து ஒரு கிளை மெட்டலுக்குப் போனது, ஒரு கிளை அனிசோங்குக்குப் போனது. இரண்டையும் ஒட்டவைத்ததற்காகத்தான் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அனிமெட்டலைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவை ஒட்டிப் பிறந்தவைதான்!

இனிமேல்தான் திருப்பம். அனிமெட்டல் 'மாரத்தான்' என்று பெயர் வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது, அசல் ஆசாமி ஐச்சிரோ மிஸுகி 1999-ல் என்ன செய்தார் தெரியுமா? 24 மணி நேரத்தில் 1000 பாட்டு மேடையில் பாடினார். அப்போது வயசு 51. இதற்கு மேல் யார் மாரத்தான் பற்றி ஜோக் அடிப்பது? அடுத்த வருஷம், 2000-ல், பழைய மாதிரி நாயகன் பெயர் சொல்லும் அனிசோங் அழிந்துவிடக் கூடாது என்று மிஸுகி ஆள் திரட்டினார். ஜாம் புராஜெக்ட் பிறந்தது. முதல் அணியில் ஐந்து பேர். மிஸுகி, ககேயாமா, மசாக்கி எண்டோ, போக்கிமான் நாயகன் சதோஷிக்குக் குரல் கொடுத்த ரிக்கா மத்சுமோதோ... ஐந்தாவது ஆள் யார்? எய்ஸோ சகாமோதோ. ஆமாம், அதே அனிமெட்டல் சகாமோதோதான்.

கேலிச் சித்திரம் வரைந்தவனையே அரண்மனைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்ட மாதிரி. மிஸுகி கோபப்பட்டிருக்கலாம். 'என் பாட்டை வைத்துக் கூத்தடிக்கிறாயா' என்று கேட்டிருக்கலாம். கவர் விற்பனையில் அவருக்குப் பங்கும் கிடையாது என்று மேலே பார்த்தோம். ஆனால் அந்த அலறலில் இருந்த மரியாதை அவர் காதுக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சகாமோதோ 2003 வரை அங்கே பாடினார். அனிமெட்டல் 2006-ல் கலைந்தது.

மற்ற ஸ்டைல்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். லூபன் தி தேர்ட் பாட்டின் இசையமைப்பாளர் யூஜி ஓனோ அடிப்படையில் ஜாஸ் பியானோக்காரர். 1999 முதல் தன் பாட்டையே தானே ஜாஸ் மூவர் குழுவாக வாசித்து ஆல்பம் போட ஆரம்பித்தார். கேட்க அருமை, ஆனால் சிரிப்புக்கு இடமில்லை. திருடன் கதைக்கு ஜாஸ் எப்போதுமே பொருத்தமான உடுப்புதானே. டோக்கியோ பிராஸ் ஸ்டைல் என்ற பெண்கள் குழு டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று ஊதித் தள்ளி அனிமே பாட்டுகளைத் திருவிழா ஆக்கியது. அமெரிக்காவில் ஸ்பீட் ரேஸர் பாட்டு 1990களின் தொடக்கத்தில் டெக்னோ ஆனது, 1995-ல் ஸ்பாஞ்ச் என்ற குழுவின் கையில் அழுக்கு கிடார் ராக் ஆனது.

எவாஞ்சலியன் இதையே தலைகீழாகச் செய்தது. 1995-ல் வந்த அந்தத் தொடரின் முடிவுப் பாட்டு பழைய அமெரிக்கப் பாட்டான ப்ளை மீ டு த மூன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் பாடகியும் வாத்திய அமைப்பும் மாறும். உலகம் அழியப் போகிறது, திரையில் நிலா, பின்னால் ஹோட்டல் லாபியில் கேட்கிற மாதிரி ஒரு மென்மையான பாட்டு. பயங்கரமான முரண், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, வயிற்றைத்தான் பிசைந்தது. 2019-ல் நெட்பிளிக்ஸ் இந்தத் தொடரை உலகம் முழுக்க வெளியிட்டபோது ஜப்பானுக்கு வெளியே அந்தப் பாட்டையே நீக்கிவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

இத்தாலியில் வேறு மாதிரி. அங்கே 1978-ல் கோல்ட்ரேக் ரோபோ வந்ததில் இருந்தே ஜப்பானியத் தொடர்களுக்கு இத்தாலிய மொழியில் தனிப் பாட்டுகள் போடுவது வழக்கம். கிறிஸ்டினா தவேனா என்ற பாடகி அப்படிப் பல தொடர்களுக்குப் பாடி ஒரு தலைமுறைக்கே அக்கா ஆனவர். போலோனாவில் ஜெம் பாய் என்று ஒரு நக்கல் ராக் குழு, கார்ட்டூன் பாட்டுகளுக்கு ஏடாகூட வரிகள் போட்டுப் பாடும். கடைசியில் என்ன ஆனது? தவேனாவும் ஜெம் பாயும் ஒரே மேடையில் சேர்ந்து ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். மிஸுகி–சகாமோதோ கதை அப்படியே ஐரோப்பாவில்.

திரும்ப ஜப்பான். 2011-ல் அனிமெட்டல் யுஎஸ்ஏ என்று ஒரு குழுவை இறக்கினார்கள். கிஸ் குழு பாணியில் முகமெல்லாம் சாயம், விண்வெளிக் கவசம். உள்ளே யார்? பாடகர் மைக் வெஸெரா. கிடார் கிறிஸ் இம்பெலிட்டேரி. பேஸ் ரூடி சார்ஸோ, ஓஸி ஆஸ்போர்னோடும் ஒயிட்ஸ்நேக்கோடும் வாசித்தவர். டிரம் ஸ்காட் டிராவிஸ், ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ஆள். இங்கிலீஷ் மெட்டலைப் பார்த்து ஜப்பானியர்கள் அடித்த நக்கலை, அந்த மெட்டலின் அசல் ஆட்களே வந்து ஜப்பானுக்காக வாசிக்கிறார்கள். வெஸெரா விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் 1989 முதல் 1991 வரை ஒரு ஜப்பானியக் குழுவில் பாடியவர். எந்தக் குழு? லவுட்னெஸ். லேஸி உடைந்து பிறந்த அதே லவுட்னெஸ்.

2012-ல் இரண்டாவது ஆல்பம் போட்டார்கள். வாசிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் 1997 மாரத்தானில் இருந்த ருசி இதில் குறைவுதான். அந்த ஜப்பானியர்கள் சின்ன வயசில் அந்தப் பாட்டுகளைக் கத்தி வளர்ந்தவர்கள். இவர்களுக்கு அது ஒரு நல்ல வேலை.

2015-ல் ஒன் பஞ்ச் மேன் வந்தது. ஒரே குத்தில் எதிரியை முடித்துவிட்டு, போரடிக்கிறது என்று பெருமூச்சு விடும் மொட்டைத் தலை நாயகன். சூப்பர் ஹீரோ கதைகள் மொத்தத்துக்கும் நக்கல். அதன் முகப்புப் பாட்டுக்கு யாரையாவது காமெடியாகப் பாட வைத்திருக்கலாம். தயாரிப்பாளர்கள் போனது ஜாம் புராஜெக்ட்டிடம். ககேயாமா கூட்டம் மெட்டல் கிடாரோடு, கொஞ்சம்கூடச் சிரிக்காமல், நாலு நாயகர்களுக்குப் பாடுகிற வேகத்தில் அந்த மொட்டையனுக்குப் பாடிக் கொடுத்தது.